வைத்தியம் முடிந்த பிறகு

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று விழாக் குழுவினரிடம் சொன்னபோது பெரியவர் ஒருவர் தயங்கினார். "கோவில் வளாகத்திலே, ஒலிபெருக்கியிலே, மார்பு கீர்பு என்றெல்லாம் சொல்லவேண்டுமா அம்மா? மகளிர் உடல்நலம் என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளலாமே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நம் திருச்சபை இந்த விஷயத்தில் கூச்சப்பட்டதில்லை. சிசிலித் தீவின் கத்தானியா நகரில், தேசியுஸ் மன்னனின் வேதகலாபனைக் காலத்தில், மார்பு அறுக்கப்பட்டு வேதசாட்சியாக மரித்ததாகப் பாரம்பரியம் சொல்லும் புனித ஆகத்தம்மாளை, மார்பக நோயாளிகளின் பாதுகாவலியாகத் திருச்சபை வணங்கி வருகிறது. திருநாள் பிப்ரவரி 5. திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் லூசியம்மாளோடும் ஆக்னேசம்மாளோடும் அவர் பெயரும் சொல்லப்படுகிறது. பீடத்தில் சொல்லக்கூடிய பெயரென்றால், பந்தலில் அந்த நோயைச் சொல்வதில் தவறில்லை என்று துணிந்து வந்திருக்கிறோம்.

நாங்கள் ஏழு பேர். எல்லோரும் இந்நோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவர்கள். வேலூருக்குப் போனவர்கள் உண்டு, புதுச்சேரிக்கும் காஞ்சிபுரத்துக்கும் போனவர்கள் உண்டு, அடையாற்றுக்குப் போனவர்களும் உண்டு. எழுவரில் இருவர் நம் பங்கைச் சேராதவர்கள். ஆசிரமத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் சகோதரிகள். அவர்களில் ஒருவர்தாம் எங்களுக்கு ஒன்றை நினைவுபடுத்தினார். நம் வட்டாரத்துக்கே பெயர் தந்த ரமண மகரிஷிக்கும் வந்தது இந்தப் புற்றுநோய்தானே என்றார். இடது கையில் கட்டி தோன்றி, 1949-இல் நான்கு முறை அறுவைச் சிகிச்சை செய்தும் தீராமல், 1950 ஏப்ரல் 14 அன்று இரவு அவர் உயிர் நீத்தார். அந்நாளெல்லாம் மக்கள் வரிசையாக வந்து அவரைப் பார்த்துச் சென்றனர். நோயை யாரும் மறைத்து வைக்கவில்லை. அந்த ஊரிலே நாம் மட்டும் ஏன் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மறைத்துத் திரியவேண்டும்?

அக்காலத்தில் இந்நோய் வந்தால் பிழைப்பதே கேள்வி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் அடையாற்றில் மருத்துவமனையைத் தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள். 1982 முதல் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு எழுதி வருகிறார்கள். அது தொடங்கியபோது பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. பின்னர் அவ்விடத்தை மார்பகப் புற்று பிடித்துக்கொண்டது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாக இந்நோய் கண்ட பெண்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பேர் என உலகக் கணக்கு சொல்கிறது. அதே சமயம், முன்னதாகக் கண்டுபிடித்தால் பிழைத்து எழுகிறவர்கள் பலர். அப்படிப் பிழைத்தவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு எப்படி வாழ்வது என்பதுதான் எங்கள் பேச்சு. அதை யாரும் எங்களுக்குச் சரியாகச் சொல்லி அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? உங்களுக்கே தெரியும். "எப்படி இருந்த பொண்ணு இப்படி ஆயிட்டாளே" என்று மாமியார் அழுவார். மறுநாள் காலையிலேயே ஆட்டுக்கால் சூப்பு. பதினொரு மணிக்கு ஹார்லிக்ஸ். மதியம் நெய் ஊற்றிப் பிசைந்த சோறு. நாலு மணிக்குப் பாதாம்பால், கூடவே பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த கேக்கு. இடையிடையே "படுத்துக்கோ, நீ எழுந்திரிக்காதே". எங்களில் ஒருவர் வைத்தியத்துக்கு முன் 62 கிலோ இருந்தார். ஒன்றரை ஆண்டில் 74 ஆனார். "ஒடம்பு தேறிடுச்சு, முகம் பூரிச்சிடுச்சு" என்று தெருவே மகிழ்ந்தது. தவக்காலம் வந்தது, நோயாளிக்கு ஒருசந்தி கடமையில்லை என்று சுவாமி விலக்கு அளித்தார். அந்த விலக்கு எங்கள் வீடுகளில் உயிர்த்த ஞாயிறு தாண்டி, அடுத்த தவக்காலமும் தாண்டிச் செல்லுபடியாயிற்று!

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கீமோ ஏற்றும் நாள்களில் வாய் கசந்து, ஒரு கவளம் இறங்காமல் கிடந்தபோது ஊட்டிவிட்ட கைகள் அவை. ஆனால் எல்லோருக்கும் உடம்பு இளைப்பதில்லை என்பதை அறியவேண்டும். மார்பகப் புற்றுக்கு வைத்தியம் செய்துகொள்ளும் பெண்களில் பலருக்கு எடை கூடத்தான் செய்கிறது. வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்து பசியைக் கிளப்பிவிடும். கீமோவினால் சிலருக்கு மாதவிலக்கு காலத்துக்கு முன்பே நின்றுபோகும். அப்போது வயிற்றைச் சுற்றிச் சதை போடும். களைப்பினால் நடமாட்டம் குறையும். இத்தனைக்கும் மேலே பாதாம்பால்.

சதை போட்டால் போடட்டுமே, உயிர் பிழைத்ததே பெரிது என்பீர்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

இங்கே அழற்சி என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அரிவாள்மணையில் விரல் வெட்டிக்கொள்கிறோம். அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. ரோமாபுரியில் செல்சுஸ் என்பவர் முதல் நூற்றாண்டிலேயே இந்நான்கு அடையாளங்களையும் எழுதி வைத்தார். உடம்பின் காவற்படை வந்து கிருமியோடு சண்டையிடுவதுதான் அது. சண்டை முடிந்ததும் படை கலைந்துவிடும், புண் ஆறும். இது நல்ல அழற்சி. இன்னொரு வகையும் உண்டு. சிவப்பில்லை, வீக்கமில்லை, வலியில்லை. ஆனால் சாம்பல் பூத்த வரட்டியின் அடியில் கனல் இருப்பதுபோல உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். கொழுப்புத் திசு அளவுக்கு மீறிப் பெருத்தால், அதிலுள்ள உயிரணுக்கள் உப்பி, சில செத்துப்போகின்றன. செத்ததை அகற்றக் காவல் அணுக்கள் வந்து, ஒவ்வொன்றையும் கிரீடம் வைத்ததுபோலச் சூழ்ந்துகொள்கின்றன. மார்பகத்துக் கொழுப்பிலேயே இதை உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறார்கள். வேலை ஓயாத இடத்தில் படையும் கலைவதில்லை.

இதில் எங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது பெரும்பாலும் கொழுப்பிலேதான். மார்பகப் புற்றில் பெரும்பகுதி இந்த ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்வது. அதைத் தடுக்கத்தான் எங்களில் பலருக்கு லெட்ரோசோல் மாத்திரை. கனன்றுகொண்டிருக்கும் கொழுப்போ அதை மேலும் மேலும் செய்யப் பார்க்கிறது. ஒரு கதவை மாத்திரை அடைக்க, மற்றக் கதவைப் பாதாம்பால் திறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கனல் இருப்பதை எப்படி அறிவது? இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அளந்து பார்ப்பார்கள். 1930-இல் நியூயார்க்கில், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் கண்டது இது. கல்லீரல் இதைச் செய்கிறது. அழற்சி ஏறினால் இதுவும் ஏறும். ஆனால் சளிக்காய்ச்சலுக்கும் ஏறும், பல் ஈறு சீழ் பிடித்தாலும் ஏறும். ஆகவே நீங்களாகவே லேபுக்குப் போய் எடுத்துப் பார்த்துப் பயந்துகொள்ள வேண்டாம்.

இப்போது நல்ல செய்திக்கு வருவோம். அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்தில், மார்பகப் புற்றிலிருந்து மீண்ட, பருமனான 100 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு நேரில் அழைத்து உணவையும் நடையையும் பற்றி ஆலோசனை. இன்னொரு பிரிவினருக்கு அதே ஆலோசனை தொலைபேசியில். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதத்தில் நேரில் ஆலோசனை பெற்றவர்கள் தம் எடையில் 6 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும், தொலைபேசிப் பிரிவினர் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும் குறைந்தார்கள். மற்றவர்கள் 2 விழுக்காடு. ஆலோசனை பெற்றவர்களின் சி.ஆர்.பி. அளவு 30 விழுக்காடு இறங்கியது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் எங்கள் மனதைத் தொட்டன. முதலாவது, குறைக்க வேண்டியது மலையளவு அன்று. 70 கிலோ உள்ள பெண்ணுக்கு 5 விழுக்காடு என்றால் மூன்றரைக் கிலோதான். அதுவும் ஆறு மாதத்தில். சினிமா நடிகை போல ஆகவேண்டியதில்லை. இரண்டாவது அந்தத் தொலைபேசி. திருவண்ணாமலையிலிருந்து ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பக்கத்துத் தெருப் பெண் போன் செய்து, "அக்கா, இன்னைக்கு நடந்தீங்களா? ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாலே பாதி வேலை நடக்கும் என்று தெரிந்துகொண்டோம். எங்களுக்குள் அப்படித்தான் முறை வைத்திருக்கிறோம்.

அப்படியானால் எடை குறைத்தால் நோய் திரும்பாதா? இங்கே நாங்கள் கவனமாகப் பேசவேண்டும். 2006-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கொழுப்பைக் குறைத்து உண்ட பெண்களில் 9.8 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் உண்டவர்களில் 12.4 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. முன்னவர்கள் எடையிலும் சற்றுக் குறைந்திருந்தார்கள். அடுத்த ஆண்டே 3,088 பெண்களைக் கொண்ட இன்னொரு ஆய்வு வந்தது. அதில் காய்கறியும் பழமும் தாராளமாக உண்டார்கள், கொழுப்பையும் குறைத்தார்கள்; எடை மட்டும் குறையவில்லை. நோய் திரும்புவதிலும் வித்தியாசம் காணவில்லை. எடைதான் காரணமா, வேறேதுமா என்று இதைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெருங்குடல் புற்றுநோயில் விஷயம் இன்னும் தெளிவு. 889 பேரைச் சேர்த்து, கீமோ முடிந்தபின் மூன்று ஆண்டுகள் முறையாக உடற்பயிற்சி செய்ய வைத்து, 2025-இல் முடிவை வெளியிட்டார்கள்; பயிற்சி செய்தவர்களில் எட்டு ஆண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் 90 விழுக்காடு, வெறும் புத்தகம் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் 83. அது வேறு புற்று என்பதை மறக்கலாகாது. ஆகவே, "நடந்தால் திரும்பாது" என்று நாங்கள் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கமாட்டோம். ஒருவருக்கு நோய் திரும்பினால், "நீ ஒழுங்காக நடக்கவில்லை" என்று சொல்கிறவர்களையும் நாங்கள் மன்னிக்கத் தயாராயில்லை. சுவாமி முன்னிலையிலேயே சொல்கிறோம்.

எங்கள் நடையைப் பற்றிச் சொல்கிறோம். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, செங்கம் சாலையில் ஆசிரமத்து வாசலைக் கடந்து மேற்கே யமலிங்கம் பக்கமாகப் போய்த் திரும்புவோம். மயில் கத்தும், நாய்கள்தாம் தொல்லை. பௌர்ணமியன்று மட்டும் கூட்டத்தில் நுழைய முடியாது, அன்றைக்கு விடுமுறை. தொடங்கிய புதிதில் ஒருவர் பங்குத்தந்தையிடம், "நம்ம பெண்கள் கிரிவலம் போகிறார்கள் சுவாமி" என்று புகார் செய்தாராம். சுவாமி சிரித்துக்கொண்டே, "கையில் செபமாலை இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டாராம். இருந்தது! எங்களுக்கு அதுதான் கடிகாரம். 53 மணிச் செபமாலை ஒன்று முடிய ஏறக்குறைய 20 நிமிடம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வாரத்தில் நான்கு நாள் என்றால் 160 நிமிடம். வாரத்துக்கு 150 நிமிடம் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வேகத்துக்கும் அளவு அதுவே. நடந்துகொண்டே செபம் சொல்ல மூச்சு இருக்கவேண்டும். பாட்டுப் பாட மூச்சு இருக்கக்கூடாது. பாட முடிகிறதென்றால் நாம் ஊர்வலம் போகிறோம், நடைப்பயிற்சி செய்யவில்லை! உடன்வரும் சகோதரிகள் இருவரும் செபமாலை சொல்வதில்லை. அவர்கள் மனதுக்குள் எதைச் சொல்கிறார்களோ, வேகம் மட்டும் எங்களைவிடக் கூடுதல்.

தசை அசைவதே அழற்சிக்கு ஒரு மருந்து. எடை குறையாத வாரங்களிலும், இயங்கும் தசை தன் பங்குக்குச் சில பொருள்களைச் சுரந்து அந்தக் கனலைத் தணிக்கிறது. ஆகவே எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று நடையை விட்டுவிடாதீர்கள். எடையைவிட இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். நம் நாட்டுப் பெண்கள் மெலிந்து தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு கொண்டவர்கள். 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை. தையற்கடை டேப்பே போதும்.

அடுத்தது கை. மார்போடு அக்குளில் இருக்கும் நிணநீர்க் கட்டிகளையும் எடுத்தவர்களுக்கும், அங்கே கரண்டு வைத்தவர்களுக்கும், அந்தக் கை வீங்குவதுண்டு. எங்களில் ஒருவருக்கு, "அந்தக் கையால் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்காதே" என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பினார்கள். அவர் ஆறு ஆண்டுகள் அப்படியே இருந்தார். பேரன் பிறந்து வந்தபோதும் தூக்கவில்லை. தோள் இறுகி, கை சூம்பிப்போயிற்று. கனடாவில் வான்கூவர் நகரில் 1996-இல் டான் மெக்கன்சி என்ற மருத்துவர், இந்நோயிலிருந்து மீண்ட 24 பெண்களைப் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். கை வீங்கிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், வீங்கவில்லை. 2009-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் உறுதியானது. ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களில் ஒரு பாதியினருக்கு, அழுத்த உறை அணியச் செய்து, மிகச் சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகத் தூக்கப் பழக்கினார்கள். அவர்களில் வீக்கம் முற்றியவர்கள் 14 விழுக்காடு, தூக்காமலிருந்தவர்களிலோ 29. இதைப் படித்துக் காட்டியபோது எங்கள் தோழி பேசவே இல்லை. பேரனுக்கு அப்போது நான்கு வயது, தூக்குகிற கனம் தாண்டிவிட்டான். இப்போது இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அரை லிட்டர்த் தண்ணீர்ப் புட்டியில் தொடங்கி, ஒரு லிட்டருக்கு வந்திருக்கிறார்.

மாத்திரையைப் பற்றி ஒன்று. லெட்ரோசோல் வகை மாத்திரையினால் மூட்டெல்லாம் வலிக்கும். படியேற முடியாது, பூசைக்கு முழந்தாளிட முடியாது. வலி தாளாமல் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிற பெண்கள் உண்டு. எங்களிலும் ஒருவர் மூன்று மாதம் நிறுத்தியிருந்தார், வீட்டாருக்கே தெரியாது. இவ்வகை மாத்திரை உண்ணும் 121 பெண்களை ஆய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். நடையும், வாரம் இருமுறை எடைப் பயிற்சியும் ஓராண்டு செய்தவர்களுக்கு மூட்டுவலி 29 விழுக்காடு குறைந்தது. வலிக்கிறது என்று உட்கார்ந்தால் வலி கூடுகிறது, நடந்தால் குறைகிறது. கேட்க விந்தைதான். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம்.

சில எச்சரிக்கைகள். கீமோ நடக்கும்போது எடை குறைக்கும் முயற்சி கூடாது. முன்பே மெலிந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவர்களுக்கு அந்த ஆட்டுக்கால் சூப்பைக் கொடுங்கள். முயற்சி செய்யாமல் தானாக எடை இறங்கினால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். எலும்பு தேய்ந்தவர்கள் இருட்டில் மேடு பள்ளத்தில் நடக்கவேண்டாம். அழற்சியை அடியோடு ஒழிக்கும் பொடி, லேகியம் என்று விற்றுக்கொண்டு வருகிறவர்களிடம் காசைக் கொடுக்கவேண்டாம். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சோற்றைப் பாதியாக்கிக் கீரையையும் காயையும் இரண்டு பங்காக்கினோம். மாலையில் கேக்குக்குப் பதில் சுண்டல், மோர். இந்த மாவட்டத்து வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் ஒரு கைப்பிடி, வேகவைத்தது. 74 கிலோ ஆன தோழி ஒன்பது மாதத்தில் 69-க்கு வந்தார். "ஏம்மா, திரும்பவும் இளைச்சிட்டியே, டாக்டரைப் பார்த்தியா?" என்று கேட்காதவர் இல்லை. அவருடைய மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. தாம் ஊட்டியதையெல்லாம் மருமகள் கரைத்துவிட்டாள் என்ற வருத்தம். பிறகு ஒருநாள், ஐந்து மணிக்கே எழுந்து, "நானும் வரேன், தனியா போவாதே" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு. எங்களுக்கு முன்னால் நடக்கிறார்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். வைத்தியம் முடிந்து வந்த பெண்ணைப் பார்க்கப் போகும்போது கேக்கு வாங்கிப் போகாதீர்கள். வெறுங்கையோடு போய், வாசலுக்கு அழைத்துவந்து தெருக்கோடிவரை உடன் நடந்து பேசிக்கொண்டிருங்கள். கணவன்மார்களே, அந்த நாற்பது நிமிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசன விருந்தில் எங்கள் இலையில் இரண்டாம் முறை பிரியாணி வைக்க வருகிறவர்கள், நாங்கள் கையை மறித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் மார்பில் கட்டி தட்டுப்பட்டும் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர் எவரேனும் இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வாருங்கள். மருத்துவமனைக்கு உடன் வர ஆள் இருக்கிறோம். நடக்க விரும்புகிறவர்கள் திங்கள், செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலை ஐந்தே காலுக்குக் கெபி அருகில் நில்லுங்கள். ஐந்தரைக்குப் புறப்பட்டுவிடுவோம், தாமதமாக வருகிறவர்கள் சாலையில் ஓடிவந்து பிடித்துக்கொள்ளலாம், அதுவும் பயிற்சிதான்.